அக்கிலிஸ் வலி: மறுநாள் காலைதான் பதில் சொல்லும்

குதிகாலுக்கு மேலே, காலின் பின்பக்கம், இரண்டு விரலால் பிடித்துப் பார்க்கும்படி ஒரு தடித்த நாண் இருக்கிறது. அதுதான் அக்கிலிஸ் தசைநாண். அதில் வரும் வலிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் கணுக்கால் விறைத்துப்போய் மடங்க மறுக்கும். கொஞ்சம் நடமாடினால் இளகிவிடும். ஓடத் தொடங்கும்போது வலிக்கும்; உடம்பு சூடானதும் மறையும்; ஓடி முடித்து உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். நாணை விரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும் சுள்ளென்று வலிக்கும்.

எனக்கு இது வந்து, போய், மறுபடி வந்து, ஒரு வருடத்துக்கு மேல் கூடவே இருந்தது. இப்போது மேட்டுப் பாதையிலும் ஓடுகிறேன். இடைப்பட்ட காலத்தில் தெரிந்துகொண்டவற்றில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாணுக்கு ஓய்வு மட்டும் மருந்தாகாது. அளவறிந்து ஏற்றும் சுமைதான் மருந்து. அந்த அளவு சரியா என்று பயிற்சி செய்யும்போது முழுதாகத் தெரியாது. மறுநாள் காலையில் தெரியும்.

வலி தொடங்கிய சமயத்தில் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. சமதரையில் ஓடிக்கொண்டிருந்த நான் ஏற்றம் உள்ள பாதைக்கு மாறினேன். பழைய ஷூ தேய்ந்துபோனதால், குதிப்பகுதி தாழ்ந்த புது ஷூ காலுக்கு வந்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சாதாரண மாற்றங்கள்தான். ஆனால் ஏற்றத்தில் ஓடும்போது பாதம் அதிகம் மேல்நோக்கி மடங்குகிறது, நாண் அதிகம் நீள்கிறது. தாழ்ந்த குதி உள்ள ஷூவும் அதையேதான் செய்கிறது. இரண்டும் ஒரே மாதத்தில் சேர்ந்ததை நாண் தாங்கவில்லை. இந்த வலி உள்ள யாரிடம் விசாரித்தாலும் அதற்கு முந்தைய சில வாரங்களில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். தூரம் கூடியிருக்கும், வேகம் கூடியிருக்கும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கியிருப்பார்கள், அல்லது நாள் முழுக்க நின்று படியேறும் வேலைக்குப் போயிருப்பார்கள். ஓடுகிறவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். ஓட்டமே அறியாத நடுவயதினருக்கும் வருகிறது. உடல் எடை, சர்க்கரை நோய், ரத்தத்தில் கூடிய கொழுப்பு எல்லாம் இதற்கு வழிவிடுபவை.

நாணின் வேலை என்ன என்று புரிந்தால்தான் பயிற்சியின் தர்க்கம் புரியும். கெண்டைக்காலில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வெளியே தெரிவது முழங்காலுக்கு மேலே தொடையெலும்பிலிருந்து தொடங்குகிறது. அதற்கு உள்ளே தட்டையாக, அகலமாக இருப்பது முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் கீழே ஒன்றுகூடி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுள்ள நாணாகிக் குதியெலும்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. உடம்பிலேயே மிகத் தடித்த, மிக வலுவான தசைநாண் இதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு வரை விசை இதன் வழியே போகிறது. கால் தரையில் படும்போது நாண் நீண்டு ஆற்றலைச் சேர்த்துவைக்கிறது, தரையை விட்டு எழும்போது அதைத் திருப்பித் தருகிறது. நாம் களைப்பில்லாமல் நடப்பதும் ஓடுவதும் இதனால்தான்.

உள்ளே இருக்கும் தசை முழங்காலைத் தாண்டிப் போவதில்லை என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கிச் செய்யும் பயிற்சி தனியாக எதற்கு என்ற கேள்விக்கு விடை அதில் இருக்கிறது.

சரி, வலிக்கும் நாணுக்குள் என்ன நடக்கிறது? பல காலம் இதை வீக்க நோய், அதாவது அழற்சி என்றே நினைத்தார்கள். அதனால் வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை, ஐஸ், ஓய்வு என்று சிகிச்சை போனது. பிறகு அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அழற்சிக்கு உரிய செல்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஒழுங்காக ஒரே திசையில் அடுக்கியிருக்க வேண்டிய கொலாஜன் என்ற புரத இழைகள் கலைந்து கிடந்தன. இழைகளுக்கு நடுவே நீரைப் பிடித்துவைக்கும் பொருள் கூடியிருந்தது, அதனால்தான் நாண் தடிக்கிறது. வழக்கமாக இல்லாத மெல்லிய ரத்தக்குழாய்களும், கூடவே நரம்பு இழைகளும் உள்ளே வளர்ந்திருந்தன. அதாவது தாங்கும் சக்திக்கு மேல் சுமை ஏறி, சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்காமல் தடுமாறும் திசு இது. வீக்கத்தை வற்றவைப்பதால் மட்டும் இது சரியாகாது.

என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வு ஒன்று 2013-இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் உடம்பில் அது பதிந்திருக்கிறது. அந்தக் கார்பனை அளந்து, நாணின் மையப்பகுதி எப்போது உருவானது என்று கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 17 வயதோடு அந்த மையம் உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பிறகு அது புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. தசையோ எலும்போ இப்படி இல்லை. முதலில் படித்தபோது மனம் சோர்ந்தேன். அப்புறம் என் பிசியோ (பிசியோதெரபிஸ்ட்) விளக்கினார். கலைந்த பகுதி பழையபடி ஆகாமல் போகலாம், ஆனால் அதைச் சுற்றியுள்ள நல்ல இழைகள் சுமைக்குப் பழகும், நாண் மொத்தமாக உறுதியாகும், வலி அடங்கும். அதனால்தான் வலி முழுக்கப் போன பிறகும் பலருக்கு ஸ்கேனில் நாண் தடித்தே தெரிகிறது. ஸ்கேன் முடிவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்று நான் நம்பத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

நான் முதலில் பார்த்த மருத்துவர் சில வாரம் ஓய்வு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வலி போய்விட்டது. பழையபடி ஓடத் தொடங்கியதும் இரண்டே வாரத்தில் திரும்ப வந்தது, முன்னைவிடக் கூடுதலாக. ஓய்வில் வலி குறைவது உண்மைதான். ஆனால் அதே ஓய்வில் தசையும் நாணும் வலுவிழக்கின்றன. திரும்ப ஓடும்போது சுமை அதே அளவு, தாங்கும் சக்தியோ முன்னைவிடக் குறைவு. இப்படியே ஓய்வு, ஓட்டம், வலி, ஓய்வு என்று ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறவர்கள் நிறைய. வலி கடுமையாக இருக்கும் முதல் சில நாட்கள் ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்துவது நியாயம். அதற்கு மேல் முழு ஓய்வு வேண்டாம் என்பது என் கருத்து.

பிசியோவிடம் போனபோது அவர் முதலில் கேட்டது ஓட்டத்தைப் பற்றி அல்ல. "காலையில எழுந்து பாத்ரூம் போறவரைக்கும் எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?" என்றார். மூன்று, சில நாள் நான்கு என்றேன். "அந்த நம்பரைத் தினமும் எழுதி வைங்க. அதை வச்சுத்தான் நாம முடிவு எடுக்கப் போறோம்" என்றார்.

இதற்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது. சுவீடனில் கேரின் சில்பர்நாகலும் உடன் பணியாற்றியவர்களும் 2007-இல் வெளியிட்டது. ஒரு பிரிவினர் முதல் ஆறு வாரம் ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்தினார்கள். இன்னொரு பிரிவினர் வலியை அளந்துகொண்டே அவற்றைத் தொடர்ந்தார்கள். இரண்டு பிரிவினரும் ஒரே பயிற்சியைச் செய்தார்கள், இருவருமே நன்றாகத் தேறினார்கள். தொடர்ந்து ஓடியவர்களுக்குக் கெடுதல் வரவில்லை. அவர்கள் பின்பற்றிய விதி எளிமையானது. பயிற்சியின்போதும் முடிந்ததும் வலி பத்துக்கு ஐந்து வரை போகலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் காலை விறைப்பும் கூடக் கூடாது.

இந்த விதி என் தலையிலிருந்து பெரிய பாரத்தை இறக்கியது. அதுவரை சின்ன வலி வந்தாலே நாண் அறுந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிடுவேன். இல்லை, மூன்று மார்க் வலியோடு பயிற்சி செய்வது ஆபத்தில்லை என்று தெரிந்ததும் தைரியமாகச் சுமையைக் கூட்ட முடிந்தது. காலையில் எண் ஏறியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம், அடுத்த முறை கொஞ்சம் குறைத்துக்கொள். ஏறவில்லை என்றால் அதே அளவில் போ, ஒரு வாரம் நிலையாக இருந்தால் கூட்டு. வேறு கணக்கே தேவைப்படவில்லை. எனக்கு இன்னொரு வசதியும் இருந்தது. குதிகாலைத் தரையில் வைத்தபடி முழங்காலை முன்னால் வளைத்துப் பார்ப்பேன், தினமும் ஒரே மாதிரி, எழுந்தவுடன். எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது நாளுக்கு நாள் ஒப்பிட நன்றாக உதவியது.

இனி பயிற்சி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பெயருக்குச் செய்துவிட்டு "பண்ணிப் பார்த்தேன், பலிக்கல" என்கிறார்கள்.

உலகம் முழுக்கப் பரவிய முறை சுவீடனைச் சேர்ந்த ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்டது. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, நல்ல காலின் பலத்தால் மேலே எழுந்து, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதியைக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை, மூன்று சுற்று. மடக்கி 15 தடவை, மூன்று சுற்று. காலையும் மாலையும், வாரம் ஏழு நாளும், 12 வாரம். ஒரு நாளைக்கு மொத்தம் 180 தடவை. எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் எடை ஏற்ற வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 15 பேர் இதைச் செய்து மீண்டும் ஓடினார்கள். ஆனால் வேலைக்குப் போகிறவர்களால் இதை 12 வாரமும் விடாமல் செய்வது சிரமம். 2015-இல் டென்மார்க் ஆய்வு ஒன்று இந்த முறையையும், வாரம் மூன்றே நாள் அதிக எடையோடு மிக மெதுவாக ஏற்றி இறக்கும் முறையையும் ஒப்பிட்டது. பலன் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 12 வாரம் முடிந்த நிலையில் இரண்டாவது முறையில் திருப்தி கூடுதலாக இருந்தது. நான் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டாவது வழியைத்தான்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்வதற்குக் காரணமும் உண்டு. கனமான பயிற்சிக்குப் பிறகு நாணில் கொலாஜன் உருவாவதும் நடக்கிறது, சிதைவதும் நடக்கிறது. முதல் ஒன்று, ஒன்றரை நாள் சிதைவுதான் முன்னால் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் ஆக்கம் முந்துகிறது. அந்த இடைவெளியை விடாமல் தினமும் கனமாகச் சுமத்தினால் நஷ்டம் நமக்கே. லேசான பயிற்சிக்கு இந்தக் கவலை இல்லை.

எனக்குத் தொடக்கத்தில் ஒற்றைக் காலில் குதியைத் தூக்கவே வலித்தது. அதனால் முதலில் அசையாமல் நிற்பது. இரண்டு காலிலும் குதியைப் பாதி உயரம் தூக்கி 45 விநாடி அப்படியே நின்று, ஓய்வெடுத்து, ஐந்து தடவை. சிலருக்கு இதிலேயே வலி உடனே தணியும். எனக்குப் பெரிதாகத் தணியவில்லை, ஆனால் காலைத் தயார்ப்படுத்தியது. பிறகு இரண்டு காலாலும் ஏறி இறங்குவது. அப்புறம் இரண்டு காலால் ஏறி, ஒற்றைக் காலால் இறங்குவது. அப்புறம் ஒற்றைக் காலாலேயே இரண்டும். கடைசியாக முதுகுப்பையில் எடை. ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்குப் போகும் நாளைக் காலண்டர் முடிவு செய்யவில்லை. காலை எண்தான் முடிவு செய்தது.

வேகத்தைப் பற்றி: மேலே போக மூன்று விநாடி, கீழே வர மூன்று விநாடி. வாய்விட்டு எண்ணினால்தான் இது நடக்கும். மனதுக்குள் எண்ணினால் மூன்று விநாடி ஒன்றரை ஆகிவிடுகிறது. எடையும் அற்பமாக இருக்கக் கூடாது. 15 தடவை செய்தால் கடைசி இரண்டு மூன்று தடவை உண்மையிலேயே சிரமப்பட வேண்டும். 15 எளிதாக வந்தால் எடையைக் கூட்டி, எண்ணிக்கையைப் படிப்படியாக 12, 10, 8 என்று குறைத்து, சுற்றுகளை மூன்று நான்காக வைத்துக்கொள்ள வேண்டும். வலுவான நாணுக்குக் கனம்தான் தேவை. லேசாக நூறு தடவை செய்வது அதற்கு ஈடாகாது.

கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் சில உண்டு. மேலே எழும்போது எடை கட்டைவிரல் பக்கமும் இரண்டாம் விரல் பக்கமும் இருக்க வேண்டும். களைத்ததும் கணுக்கால் வெளிப்பக்கம் சாயும், கண்ணாடி முன் நின்றால் தெரிந்துவிடும். விரல்களை மடக்கித் தரையைப் பற்றக் கூடாது. சுவரில் விரல் நுனி பட்டால் போதும், கையால் உடம்பை இழுத்துத் தூக்கினால் வேலையைக் கால் செய்யாது. உச்சியில் ஒரு கணம் நின்று இறங்க வேண்டும், துள்ளக் கூடாது.

முழங்காலை மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முழங்கால் மடங்கியதும் வெளித்தசை தளர்ந்துவிடுகிறது, உள்தசைதான் சுமையை ஏற்கிறது. ஓட்டத்தில் அதிக விசை தருவது அந்த உள்தசைதான். நாற்காலியில் உட்கார்ந்து, தொடையின் மேல் முழங்காலுக்கு அருகில் கனத்தை வைத்துக் குதியைத் தூக்கி இறக்கலாம். எனக்கு முன்னேற்றம் நின்றுபோயிருந்த ஒரு கட்டத்தில் இதைக் கனமாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் மறுபடி நகர்ந்தது. ஆரோக்கியமான கால் ஒற்றையாக 25 தடவைக்குப் பக்கத்தில் குதியைத் தூக்கும் என்று பிசியோக்கள் எதிர்பார்ப்பார்கள். வயது கூடினால் எண் குறையும். இரண்டு காலையும் சோதித்துப் பாருங்கள். வித்தியாசம் பலரை ஆச்சரியப்படுத்தும்.

இதுவரை சொன்னதெல்லாம் நாணின் நடுப்பகுதியில், அதாவது குதியெலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே வலி உள்ளவர்களுக்கு. நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே, குதியின் பின்புறம் வலி என்றால் கதை வேறு. அங்கே நாணுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு சிறு திரவப் பை இருக்கிறது. பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது நாண் எலும்பின் மேல் அழுந்துகிறது. அந்த அழுத்தம்தான் அங்கே வலியைக் கிளறுவது. அப்படி இருக்க, படி விளிம்பில் நின்று குதியைக் கீழே தொங்கவிட்டால் புண்ணில் விரலை வைத்து அழுத்துவதுபோல் ஆகிவிடுகிறது. என் அக்காவுக்கு வந்தது இந்த வகை. யாரோ சொன்னார்கள் என்று கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியைத் தினமும் காலையும் மாலையும் விடாமல் செய்துகொண்டிருந்தார். நாளாக ஆக வலி கூடியது. அந்த நீட்டலை நிறுத்தி, பயிற்சியைப் படியிலிருந்து சமதரைக்கு மாற்றி, ஷூவில் குதிக்கு அடியில் சின்னத் தட்டு வைத்ததும் சில வாரங்களில் காலை வலி குறைந்தது. பயிற்சி அதேதான், குதி தரைமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஷூவின் பின்பக்க விளிம்பு விறைப்பாக இருந்து அந்த இடத்தில் உரசினால் அதையும் மாற்ற வேண்டும். இந்த வகை நடுப்பகுதி வலியைவிட மெதுவாகத்தான் அடங்கும். எது உங்களுடையது என்று விரலால் அழுத்திப் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும்.

குதித்தட்டு நடுப்பகுதி வலிக்கும் உதவும். ஒரு சென்டிமீட்டர் உயரம் போதும். இரண்டு காலிலும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு கோணலாகும். அது நோயைத் தீர்ப்பதில்லை, பயிற்சி வேலை செய்யும்வரை அன்றாட நடையைச் சுலபமாக்குகிறது. வீட்டுக்குள் கடினமான தரையில் வெறுங்காலோடு நடப்பதைக் குறைத்து, குதி சற்றே உயர்ந்த மெத்தென்ற செருப்பு போட்டுக்கொண்டதும் எனக்குக் காலை நேரத்தை எளிதாக்கியது.

ஊசிகளைப் பற்றி என் நிலைப்பாடு கறாரானது. ஸ்டீராய்டு ஊசியை நாணுக்குள் போடுவதை நான் ஏற்கமாட்டேன். வலி கொஞ்ச நாள் மறையும், நாண் பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்து உண்டு. நம் ரத்தத்தையே எடுத்துச் செறிவூட்டிப் போடும் பிஆர்பி ஊசி நம்பிக்கை தருவதாகத் தோன்றும். 2010-இல் நெதர்லாந்தில் 54 பேரிடம் அதையும் வெறும் உப்புநீர் ஊசியையும் ஒப்பிட்டபோது, பயிற்சியோடு சேர்ந்து இரண்டும் ஒரே பலனைத்தான் தந்தன. தோலுக்கு வெளியிலிருந்து அழுத்த அலைகளை நாணுக்குள் செலுத்தும் அதிர்வலை சிகிச்சை சிலருக்குப் பயிற்சியோடு சேரும்போது உதவுகிறது, அதை ஒரு சேர்மானமாக முயற்சிக்கலாம். ஐஸ், மசாஜ் எல்லாம் அன்றைய வலிக்கு இதம் தரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வலி ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறாக இருக்கக்கூடிய சில நிலைமைகளைச் சொல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலும் வரலாம், முடிந்து மாதங்கள் கழித்தும் வரலாம். அந்த மாத்திரை எடுக்கும்போது குதிகால் நாண் வலித்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு காலிலும் நாண் முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தால் கொழுப்புப் பரிசோதனை செய்ய வேண்டும், பரம்பரையாக வரும் உயர்கொழுப்பு நோய் இங்கேதான் படியும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், கூடவே கீழ்முதுகு வலியோ சோரியாசிஸ் என்ற தோல் நோயோ இருந்தால், இது மூட்டு அழற்சி நோயின் முகமாக இருக்கலாம். கெண்டைக்கால் முழுக்க வீங்கி, சூடாக இருந்தால், குறிப்பாக நீண்ட பயணத்துக்கோ படுக்கையில் இருந்ததற்கோ பிறகு என்றால், ரத்தக்கட்டாக இருக்கக்கூடும். அதற்குப் பயிற்சி அல்ல, அவசர சிகிச்சை.

இன்னொன்று அறுந்துபோவது. என்னோடு ஓடும் நண்பர் ஒருவருக்கு முன்பு எந்த வலியும் இருந்ததில்லை. பேட்மின்டன் ஆடும்போது பந்தை எடுக்கத் தாவினார். "யாரோ பின்னாடி பேட்டால ஓங்கி அடிச்சாங்கன்னு திரும்பிப் பார்த்தேன், யாருமே இல்ல" என்றார். அறுந்த பிறகும் பாதத்தைக் கொஞ்சம் அசைக்க முடிந்தது, நொண்டி நடக்கவும் முடிந்தது. வேறு சிறிய தசைகள் அந்த வேலையைச் செய்வதால் இப்படிப் பலரும் சுளுக்கு என்று நினைத்து நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். குப்புறப் படுத்து, பாதத்தைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே விட்டு, கெண்டைச்சதையை மற்றவர் பிழிந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையவில்லை என்றால் அன்றே மருத்துவமனை.

ஓட்டத்துக்குத் திரும்பியது பற்றி. ஒற்றைக் காலில் எடையோடு ஏறி இறங்குவது வலியில்லாமல் வந்த பிறகு, நின்ற இடத்திலேயே இரண்டு காலால் சின்னக் குதிப்புகள், பிறகு ஸ்கிப்பிங், பிறகு ஒற்றைக் கால் குதிப்பு. நாண் விரைவாக நீண்டு சுருங்கும் வேலைக்குத் தனியாகப் பழக வேண்டும், மெதுவான பயிற்சி மட்டும் அதற்குப் போதாது. அடுத்து சமதரையில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி. ஓட்ட நாட்கள் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொண்டேன். முதலில் நேரத்தைக் கூட்டினேன், வேகத்தைப் பிறகு, ஏற்றத்தைக் கடைசியாக. ஒரே வாரத்தில் இரண்டை மாற்றுவதில்லை என்று உறுதியாக இருந்தேன்.

இடையில் வலி திடீரென்று ஏறிய நாட்கள் பல. அப்போது பயிற்சியை விடாமல், எடையை மட்டும் பாதியாக்கி, ஓட்டத்தைச் சைக்கிளாக மாற்றிக்கொள்வேன். காலை எண் பழைய இடத்துக்கு வந்ததும் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குவேன். 12 வாரத்தில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும், முழுதாகத் தேற ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை எடுக்கலாம். சிலருக்கு அதன்பிறகும் லேசான வலி மிச்சமிருக்கும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு மனதளவில் சுலபமாக இருந்திருக்கும். மூன்றாவது வாரத்தில் பெரிய மாற்றம் இல்லையே என்று இருக்கும் நண்பர்களுக்கு அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: அது தோல்வி அல்ல, இந்தத் திசுவின் வேகமே அவ்வளவுதான்.

வலி போன பிறகு பயிற்சியை நிறுத்தியவர்களுக்குத் திரும்ப வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரம் இரண்டு நாள் கனமான குதி உயர்த்தலை இன்றும் செய்கிறேன், நீட்டிய முழங்காலில் ஒன்று, மடக்கிய முழங்காலில் ஒன்று, இரண்டு காலுக்கும். ஒரு பக்கம் வந்தவர்களுக்கு மறுபக்கமும் வரக்கூடும் என்பதால் நல்ல காலையும் விட்டுவைப்பதில்லை. காய்ச்சலாலோ பயணத்தாலோ இரண்டு வாரம் விட்டுப்போனால் பாதி தூரத்திலிருந்துதான் ஓட்டத்தைத் தொடங்குவேன். ஷூ மாற்றும்போது புதியதையும் பழையதையும் சில வாரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பழக்குவேன்.